அண்டாவுக்கும் அடுப்புக்கும் நடுவே

கடல் கடந்த ஒரு குளிர் ஊரில் நெருப்பே இல்லாத சமையலறை ஒன்று இருந்தது. ஊரின் பெயர் நம் வாயில் நுழையாது, விட்டுவிடுவோம். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் கேஸ் கிடையாது. மேடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி பதித்திருப்பார்கள். அதில் நாலு வட்டம் வரைந்திருக்கும். வட்டத்தின்மேல் பாத்திரத்தை வைத்து விரலால் தொட்டால் சமையல் நடந்துவிடும். அதுதான் இண்டக்‌ஷன் அடுப்பு.

அந்தச் சமையலறையில் ஒரு தோசைக்கல் இருந்தது. பாளையங்கோட்டையில் வாங்கிய கனத்த இரும்புக்கல். செல்வக்கனி கல்யாணமான புதிதில் அதை வாங்கி, பாதி வெங்காயத்தை எண்ணெயில் முக்கித் தேய்த்துத் தேய்த்துப் பழக்கியிருந்தாள். வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது பெட்டியின் எடை கூடிப்போயிற்று. பட்டுப்புடவைகளை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாளே தவிர கல்லை எடுக்கவில்லை. அந்தக் கல்லில் தோசை மட்டும்தான். சப்பாத்திக்குச் சின்னதாக ஒரு தவா தனியாக இருந்தது. ஒருநாள் கல்லில் ஆம்லெட் போடலாமா என்று கேட்ட கணவனை அவள் பார்த்த பார்வையில் அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அத்தனை வருஷத் தோசைகளும் சேர்ந்து கல்லுக்கு வழவழவென்று ஒரு கறுப்புத் தோலைக் கொடுத்திருந்தன. மாவை ஊற்றினால் ஓரம் தானாக எழும்பி வரும். தோல் போனால் கல் வெறும் இரும்புத் தகடு. இது கல்லுக்கு நன்றாகத் தெரியும், அதனால் தன் தோலைப் பற்றி அதற்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கர்வத்தைவிட அதிகமாக அதற்கு ஒரு குறுகுறுப்பு இருந்தது. ஊரில் அது நெருப்பைப் பார்த்து வளர்ந்த கல். இங்கே நெருப்பைக் காணோம், ஆனால் சுடுகிறது. வந்த முதல் நாளே அடுப்பிடம் கேட்டுவிட்டது.

"நெருப்ப எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"என்னிடம் நெருப்பு இல்லை," என்றது அடுப்பு. அது அந்த ஊர்க்காரன், அளந்துதான் பேசும்.

"அப்ப நான் எப்படிச் சுடுதேன்?"

"நீயேதான் சூடாகிறாய். நான் உன் இரும்பை உள்ளுக்குள் உலுக்குகிறேன். அவ்வளவே."

"உலுக்குதியா? எனக்கு ஒண்ணுமே தெரியலியே?"

"தெரியாது. ஆனால் சுடுகிறது, அல்லவா?"

கல் இந்தப் பதிலை நெடுநாள் அசைபோட்டது. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனாலும் காலை தோறும் பேசிப் பேசி இரண்டும் சிநேகமாகிவிட்டன.

அடுப்புக்கு ஒரு குணம். தன்மேல் இரும்பு இருந்தால்தான் அதற்கு ஆள் இருப்பது தெரியும். கண்ணாடி, பீங்கான், செம்பு எதை வைத்தாலும் "மேலே யாரும் இல்லை" என்று சொல்லிக் கீச்சென்று ஒரு கத்துக் கத்திவிட்டு அணைந்துவிடும். இதைச் செருக்கு என்று சொல்வதற்கில்லை. இரும்பைத் தவிர வேறு எதுவும் அதற்குக் கண்ணில் படாது, காதிலும் விழாது. பிறவியே அப்படி.

ஒரு சனிக்கிழமை காலை செல்வக்கனி பக்கத்து ஊரில் ஒரு வளைகாப்புக்குப் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கிளறி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் ரயில் ஏறியிருப்பாள் என்று நிச்சயமானதும் அவள் கணவன் இசக்கிராஜ் கீழ்த்தளச் சாமான் அறைக்கு ஓடினான். திரும்பி வரும்போது அவன் கையில் ஒரு பெரிய அலுமினிய அண்டா இருந்தது.

விஷயம் இதுதான். வீட்டிலேயே பீர் காய்ச்ச வேண்டும் என்று இசக்கிராஜுக்குப் பல மாதமாக ஆசை. அந்த ஊரில் அதற்குத் தடையில்லை, அலுவலகத்தில் பாதிப் பேர் காய்ச்சினார்கள். ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்குப் புது ஸ்டீல் பாத்திரங்கள் வாங்கியபோது பழைய அண்டாவைக் கேட்டு வாங்கி வந்து ஒளித்து வைத்திருந்தான். மனைவியிடம் மூச்சு விடவில்லை.

சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த கல் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தது. முளைக்கட்டிக் காயவைத்து இடித்த பார்லியை அவன் ஒரு துணிப்பையில் கட்டி அண்டாவுக்குள் இறக்கினான். மின்சாரக் கெட்டிலில் வெந்நீர் போட்டுப் போட்டு அதில் ஊற்றினான். பிறகு சூடு இறங்காமலிருக்கத் தன் குளிர்காலக் கோட்டை எடுத்து அண்டாவுக்குப் போர்த்திவிட்டு உட்கார்ந்தான். கோட்டுப் போட்ட பாத்திரத்தைக் கல் அன்றுதான் பார்க்கிறது. கொஞ்ச நேரத்தில் சமையலறை முழுவதும் சத்துமாவுக் கஞ்சியின் வாசனை எழுந்தது.

பையை எடுத்துப் பிழிந்ததும் அண்டாவில் தேன் நிறத்தில் இனிப்புத் தண்ணீர் நின்றது. அதை ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட வேண்டும். கொதிக்காவிட்டால் ராத்திரிக்குள் புளித்து வீணாகிவிடும். இசக்கிராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்டாவைத் தூக்கி அடுப்பின்மேல் வைத்தான். விரலால் தொட்டான்.

"மேலே யாரும் இல்லை," என்றது அடுப்பு. கீச்சென்று கத்தியது. அணைந்தது.

அண்டாவுக்கு வார்த்தை ஏதும் காதில் விழவில்லை, கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "என்னடா இது, எலியை மிதிச்ச மாதிரி? அடுப்பு எங்கே? எப்ப பத்தவைப்பீங்க?"

ஆணியில் இருந்த கல் சிரிப்பை அடக்கிக்கொண்டது. "நீ அடுப்பு மேலதான் உக்காந்திருக்க. அதுக்கு உன்னத் தெரியல."

"தெரியலையா? ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வச்சவன் நான். இவ்வளவு பெரிய உருவத்தை எப்படித் தெரியாம போகும்?"

இசக்கிராஜ் பல தடவை தொட்டுப் பார்த்தான். துடைத்துவிட்டு வைத்தான், வட்டம் மாற்றி வைத்தான். அடுப்பு அசைந்து கொடுக்கவில்லை. கைப்பேசியில் தேடினான். அலுமினியம் இந்த அடுப்பில் வேலை செய்யாது, வேண்டுமானால் நடுவே ஓர் இரும்புத் தட்டை வைக்கலாம் என்று எங்கோ யாரோ எழுதியிருந்தார்கள். தவாவை வைத்துப் பார்த்தான், அண்டா தள்ளாடியது. பிறகு அவன் கண் மெல்லச் சுவரில் ஏறியது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் கடைக்குப் போய் ஒரு தட்டு வாங்கியிருப்பான். நம் ஆளுக்கு இரும்பு என்றால் தோசைக்கல்தான்.

கல்லை ஆணியிலிருந்து எடுத்தான். "ஒரு மணி நேரந்தான். அவ வர்றதுக்குள்ள கழுவி மாட்டிரலாம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கல்லை வட்டத்தில் வைத்து அதன்மேல் அண்டாவை ஏற்றினான். தொட்டான்.

அடுப்பு முனகத் தொடங்கியது.

கல்லுக்கு உச்சி குளிர்ந்தது. மாவைத் தவிர வேறு எதையும் தாங்காத அதன் முதுகில் ஓர் அண்டாவே உட்கார்ந்திருந்தது. கீழே அடுப்பு, மேலே அண்டா. ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்காது. இரண்டின் பேச்சும் கல்லுக்கு மட்டும் கேட்கும்.

"இன்று நிறையச் சூடு குடிக்கிறாய்," என்றது அடுப்பு. "உனக்குள் இவ்வளவு இடம் உண்டென்று எனக்குத் தெரியாது. நீ பெரிய ஆள்தான்."

எனக்கு மேலே ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், குடிப்பது அவன்தான் என்று கல் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் நெருப்பில்லா அடுப்பு தன்னைப் பெரிய ஆள் என்று சொன்னது அதுவே முதல் தடவை. கல் அதை மென்று விழுங்கிவிட்டது.

"ஏதோ, என்னால முடிஞ்சது," என்றது.

மேலே அண்டா நெளிந்தது. "ஆங், சூடு வருது. கீழே இருக்கிறவன் என்ன சொல்றான்?"

அவன் உன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று சொல்லக் கல்லுக்கு மனசு வரவில்லை. வந்த விருந்தாளி முகம் வாடுமே! "உனக்கு வணக்கம் சொல்லுது," என்றது.

"அப்படிச் சொல்லு! மரியாதை தெரிஞ்சவன்தான். விழாவுக்கு விழா என்னைத்தான் முன்னால வைப்பாங்கன்னு அவன்கிட்டச் சொல்லு."

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ரொம்ப சந்தோசமாம்."

இப்படித் தொடங்கியது. ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட இன்னொன்று வேண்டியிருக்கிறது. அண்டா அடுப்பைப் பற்றிக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டது. அதுதான் வணக்கம் சொன்னானே, இனிமேல் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அடுப்பும் ஒன்றும் கேட்கவில்லை. குடிப்பது கல் என்று அதற்குத் தெரியும், விஷயம் முடிந்தது. நடுவில் இருந்த கல் மட்டும் இரண்டு பக்கமும் பூசி மெழுகிக்கொண்டே இருந்தது.

தண்ணீர் சூடேறியது. ஓரங்களில் சின்னக் குமிழ்கள் முளைத்தன. அதோடு நின்றுவிட்டன. பழைய அண்டாவின் அடி விழாவுக்கு விழா அடிபட்டு நெளிந்திருந்தது. கல்லின்மேல் அது முழுவதும் படியவில்லை, அங்கங்கே தொட்டுக்கொண்டிருந்தது. கீழிருந்து வந்த சூட்டில் பாதிதான் மேலே போயிற்று. மீதி கல்லுக்குள்ளேயே தங்கியது.

இசக்கிராஜ் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான். சூட்டை ஒரு படி கூட்டினான். இன்னொரு படி கூட்டினான்.

அப்போது அவன் கைப்பேசி மணியடித்தது. செல்வக்கனிதான்.

"ஏங்க, சாப்டீயளா? என்ன பண்ணுதீய?"

"சும்மாதான் இருக்கேன். டிவி பாக்கேன்."

"என்ன இரைச்சல் கேக்கு?"

"டிவிதான்."

கல் இதைக் கேட்டது. கேட்டுவிட்டு ஏனோ அதற்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் யோசிக்க நேரமில்லை, அதன் முதுகு எரியத் தொடங்கியிருந்தது.

"நீ அளவுக்கு மேல் சூடாகிவிட்டாய்," என்றது அடுப்பு. "என் கண்ணாடி தாங்காது. சற்று நிறுத்துகிறேன்." அணைந்துவிட்டது.

"ஏன் சூடு நின்னுபோச்சு?" என்றது அண்டா.

"அடுப்பு தண்ணி குடிக்கப் போயிருக்கு."

"சீக்கிரம் வரச் சொல்லு."

இசக்கிராஜ் காத்திருந்து மறுபடி போட்டான். மறுபடி அணைந்தது. கல் இந்தத் தடவை அடுப்புக்குக் கால் வலி என்றது. அடுத்த தடவை, உன் பெருமையைக் கேட்டு மலைத்துப்போய் நிற்கிறது என்றது. அண்டா அதையும் நம்பியது. பெருமையாக இருந்தால் எதையும் நம்பலாம்.

மெல்லிய புகை கிளம்பியது. தோசை தீய்ந்த புகை இல்லை அது. தோல் தீய்கிற புகை. வருஷக்கணக்கில் சேர்ந்த எண்ணெயும் மாவும் கறுப்பும் ஓரத்திலிருந்து பொருக்குப் பொருக்காகச் சுருண்டு எழும்பின. கல்லுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இப்போது சொல்லிவிடலாம், அடுப்பை நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடும். ஆனால் ஏன் என்று கேட்குமே? அண்டா கேட்குமே? அத்தனை வணக்கங்களுக்கும் யார் பதில் சொல்வது? தோல் போகிற வலியைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது.

அடுப்பு மறுபடி முனகியது. பிறகு தானாகவே பேசியது. "நண்பா, உன்னை எனக்கு நெடுநாளாகத் தெரியும். இன்று உன்னில் ஏதோ சரியில்லை. நீ எதற்காக இவ்வளவு குடிக்கிறாய்?"

அது ஒரு கேள்வி. அன்று முழுவதும் அடுப்பு கேட்ட ஒரே கேள்வி. கல்லால் அதற்குமேல் முடியவில்லை.

"நிறுத்து," என்றது. "நான் குடிக்கல. உன்கிட்ட ஒண்ண மறைச்சிட்டேன். எம்மேல ஒருத்தன் உக்காந்திருக்கான்."

"மேலே யாரும் இல்லை."

"இருக்கான். உனக்குத் தெரியாது. அவன் அலுமினியம். சூடெல்லாம் அவனுக்காகத்தான். நீ என்னப் பெரிய ஆளுன்னு சொன்னதும் எனக்குச் சொல்ல மனசு வரல."

அடுப்பு முனகலை நிறுத்தியது. மேலே ஒரு தடவை தேடிப் பார்த்தது. "யாரும் இல்லையே," என்றது மறுபடி. ஆனால் கீச்சென்று கத்தவில்லை.

கல் மேலே திரும்பியது. "அண்டா, நான் உன்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். அடுப்பு வணக்கம் சொல்லல. சந்தோசப்படல. மலைச்சுப்போய் நிக்கல. நீ ஒருத்தன் இருக்கறதே அதுக்குத் தெரியாது."

அண்டாவின் ஓரக் குமிழ்கள்கூட அடங்கிப்போயின.

"தெரியவே தெரியாதா?" என்றது கடைசியில்.

"தெரியாது."

"இவ்வளவு நேரமும்?"

"இவ்வளவு நேரமும்."

அண்டா அதற்குப் பிறகு பேசவில்லை. வாய் ஓயாத அது மௌனமானதைக் கண்டு கல்லுக்கு அழுகை வந்தது. தோல் உரிந்து எரிந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் அண்டாவைப் பார்க்கத்தான் அதற்குப் பாவமாக இருந்தது.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ரயில் சீக்கிரம் வந்துவிட்டதோ, வளைகாப்பு சீக்கிரம் முடிந்துவிட்டதோ, செல்வக்கனி வாசலில் நின்று தீய்ந்த வாசனையை மோந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்து முதலில் ஆணியைப் பார்த்தாள். ஆணி வெறுமையாக இருந்தது.

"எங் கல்லு எங்க?"

"ஏட்டி, சொல்லுதத ஒரு நிமிசம் கேளு."

அவள் கேட்கவில்லை. குனிந்து பார்த்தாள். "கல்லு மேல அண்டாவ வச்சீயளா? தோசக்கல்லு மேலயா?"

"ஒரு மணி நேரந்தான்னு நெனச்சேன்."

"இறக்குங்க. மொதல்ல இறக்குங்க!"

இருவரும் துணி பிடித்து அண்டாவை இறக்கினார்கள். கல்லைப் பார்த்ததும் செல்வக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. நடுவில் கறுப்புப் போய்ச் சாம்பல் நிறத்தில் பளீரென்று இரும்பு தெரிந்தது. ஓரமெல்லாம் சொறி பிடித்த மாதிரி இருந்தது. விரலால் தொடவும் முடியாது, அவ்வளவு சூடு.

"போனுல கேட்டேன்லா? சும்மா இருக்கேன்னு சொன்னீய."

"சொன்னா விடமாட்டன்னு நெனச்சேன்."

"பீரு காய்ச்ச விட்டிருப்பேன்," என்றாள் செல்வக்கனி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கல்ல விட்டிருக்க மாட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம். அதக்கூடக் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியலியா உங்களுக்கு?"

இசக்கிராஜ் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

அவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள். கல்லை இடுக்கியால் தூக்கி ஒரு பழைய பலகைமேல் வைத்து, பால்கனியில் கொண்டுபோய்ப் போட்டாள். திரும்பி வந்து கொஞ்ச நேரம் அண்டாவை முறைத்தாள். பிறகு கரண்டியால் அந்தத் தண்ணீரை மொண்டு ஊதி நாக்கில் விட்டுப் பார்த்தாள்.

"இனிக்கு."

"பார்லிதான் இனிப்பு. கொதிச்சப்பறம் கசப்புப் பூ போடணும். அப்பறந்தான் ஈஸ்ட்டு."

"கசப்ப எதுக்குப் போடணும்?"

"வெறும் இனிப்பு திகட்டும்லா?"

"கொதிக்காட்டி?"

"ராத்திரிக்குள்ள புளிச்சுரும்."

செல்வக்கனி இடுப்பில் கை வைத்தாள். "அப்ப குக்கர் எதுக்கு இருக்கு? இட்லிக் கொப்பரை எதுக்கு இருக்கு? ரெண்டும் இந்த அடுப்புல கொதிக்கும்லா? பிரிச்சு ஊத்திக் கொதிக்கவைக்க வேண்டியதுதான?"

இசக்கிராஜுக்கு வேறொரு ஆசை இருந்தது. பெரிய அண்டாவின் பக்கத்தில் நின்று கரண்டியோடு ஒரு படம் எடுத்து ஊரில் இருக்கிற கூட்டாளிகளுக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்திருந்தான். அதைச் சொல்ல அவனுக்கு இப்போது தைரியம் இல்லை.

குக்கரும் கொப்பரையும் அடுப்பில் ஏறின. அடுப்புக்கு இருவரையும் தெரியும், உடனே உலுக்கத் தொடங்கியது. இனிப்புத் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கசப்புப் பூ விழுந்ததும் நனைந்த புல்லும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி வாசனை வந்தது. செல்வக்கனி கோபத்தை மறந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். கோபம் ஞாபகம் வந்ததும் நகர்ந்துகொண்டாள்.

கொதித்ததெல்லாம் மறுபடி அண்டாவுக்கே வந்து சேர்ந்தது. இனிச் சீக்கிரம் ஆற வேண்டும். அண்டாவை மூடி பால்கனியில் வைத்து, சுற்றிலும் பனியை அள்ளிக் குவித்தார்கள். அலுமினியம் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்கிற ஜாதி இல்லை. குக்கர் இரண்டு மணி நேரம் எடுக்கிற வேலையை அண்டா கண்முன்னே முடித்துக்கொண்டிருந்தது. சுற்றி இருந்த பனி புஸ்ஸென்று உருகி ஓடியது.

பக்கத்தில் பலகைமேல் கல் கிடந்தது.

"வலிக்குதா?" என்றது அண்டா.

"வலிக்கு," என்றது கல். நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை.

"அந்த அடுப்பு. அவன்கிட்ட உண்மையிலேயே நெருப்பு இல்லையா?"

"இல்ல."

"அப்புறம் எப்படி?"

"நம்மளயே சூடாக வைக்கான். உள்ள உலுக்குதானாம். எனக்கே இன்னும் பாதிதான் புரிஞ்சிருக்கு."

அண்டா யோசித்தது. அன்றைக்கு அது யோசித்தது அதுவே முதல் தடவை. "என்னை ஏன் உலுக்க முடியலை?"

"தெரியல. கேக்கணும்."

"நீ பொய் சொல்லாம இருந்திருந்தா மத்தியானமே கேட்டிருக்கலாம்."

"ஆமா."

பனி இன்னும் கொஞ்சம் உருகியது. பிறகு அண்டா தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "நாளைக்கு அவன்கிட்ட நான் ஒண்ணு சொன்னதா சொல்லணும். ஒரு வார்த்தை மாத்தாம சொல்லுவியா?"

"மாத்த மாட்டேன்."

"இப்படிச் சொல்லு. என்னைத் தெரியாத நீ என்னடா அடுப்பு? நான் வந்து உக்காந்தா உன் நாலு வட்டமும் என் அடியில மறைஞ்சுபோகும். நீ வட்டம் வட்டமா ஆளைத் தேடுறவன். நான் உன் மொத்த வீட்டையும் மூடுறவன். போ."

"அப்படியேவா?"

"அப்படியே."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்டாவில் ஆறியதெல்லாம் ஒரு வாளிக்குப் போய், ஈஸ்ட்டோடு சேர்ந்து மூலையில் பொளக் பொளக்கென்று பேசிக்கொண்டிருந்தது. செல்வக்கனி கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். இனிப் பழைய தோல் வராது. புதிதாகத்தான் பழக்க வேண்டும். வெங்காயத்தை வெட்டினாள், எண்ணெயில் முக்கினாள், தேய்த்தாள். புகைந்ததும் மறுபடி தேய்த்தாள். பிறகு ஒரு கரண்டி மாவை ஊற்றினாள்.

தோசை எழும்பவில்லை. திருப்பியால் சுரண்டியபோது நாலு துண்டாக வந்தது. அதை அப்படியே தட்டில் போட்டு இசக்கிராஜ் முன்னால் வைத்தாள்.

அவன் ஒரு துண்டை வாயில் போட்டான். "நல்லாத்தான இருக்கு."

அவள் பார்த்தாள்.

"சரி. நல்லா இல்ல," என்றான்.

செல்வக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க," என்று அடுத்த கரண்டி மாவை ஊற்றினாள். "அந்த வாளியில இருக்கறத எப்பக் குடிக்கலாம்?"

"மூணு வாரமாகும். உனக்கும் வேணுமா?"

"அது எப்படி இருக்கும்னு பாக்காண்டாமா?"

அடுப்பு கல்லிடம் மெதுவாகப் பேசியது. "நேற்று உன்மேல் ஒருவர் இருந்ததாகச் சொன்னாய்."

"சொன்னேன்."

"நான் நெடுநேரம் யோசித்தேன். அவர் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?"

கல்லுக்கு ஒரு கணம் பழைய ஆசை எட்டிப் பார்த்தது. இதமாக ஏதாவது சொல்லி வைத்தால் என்ன? ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் மனசையாவது நோகடிக்க வேண்டுமா? மாவு அதன் வெற்று இரும்பில் ஒட்டிக்கொண்டு இழுத்தது. ஒட்டுகிற கல்லால் ஒட்டவில்லை என்று சொல்ல முடியாது.

"சொன்னான்," என்றது. அண்டா சொன்னதை முழுவதும், என்னடா அடுப்பு என்பதிலிருந்து போ என்பது வரை, ஒரு வார்த்தை குறையாமல் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு, கீச்சென்று கத்தப்போகிறது என்று எதிர்பார்த்துக் காத்திருந்தது.

அடுப்பு கத்தவில்லை. முனகலைக்கூடத் தாழ்த்திக்கொண்டது. அளந்து பேசுகிற அந்த ஊர்க்காரன் பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"நான்கு வட்டமும் மறையுமா? அவ்வளவு பெரியவரா அவர்?"